எழுதிய கையும் விசாரித்த கையும்

"சட்டமன்றம், அரசு, நீதிமன்றம்னு அதிகாரத்தைப் பிரிச்சு வெச்சிருக்காங்களே, எங்கம்மா வேலை பார்க்கிற அம்பத்தூர் கம்பெனிக்குள்ள அது எங்க மேடம் இருக்கு?" சேக்காட்டிலிருந்து வரும் மாணவி கேட்டாள். நான் பன்வாரி தேவியிடமிருந்து தொடங்கினேன்.

ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளர் அவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். விசாரணை நீதிமன்றம் 1995இல் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து அனைவரையும் விடுவித்தது. பணியிடப் பாலியல் சீண்டலுக்கெனத் தனிச் சட்டம் அன்று கிடையாது. பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றமே நெறிமுறைகளை எழுதியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை இவையே சட்டம் என்றது. நாடாளுமன்றம் இயற்றியதோ 2013இல். பதினாறு ஆண்டுகள்!

அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவள்தான் நான். ஆனாலும் நெருடுகிறது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் செய்யாததை, நம் ஓட்டால் வராதவர்கள் செய்தார்கள். தீர்ப்பு நம் பக்கம் இருந்ததால் நாம் கேள்வி கேட்கவில்லையோ?

நெறிமுறைகளின்படி புகார்க் குழுவுக்குப் பெண்ணே தலைவி. நிறுவனத்தைச் சேராத ஒருவரும் அதில் இருக்க வேண்டும். மேலதிகாரிகள் குழுவை வளைத்துவிடக் கூடாதே, அதற்காக. கம்பெனி அளவில் அதிகாரப் பிரிவினை என்றால் எனக்கு இதுதான். இதை எழுதிய நீதிமன்றத்திலேயே, 2019இல் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் தலைமை நீதிபதிமீது பாலியல் புகார் சொன்னார். அவசரமாகக் கூடிய சிறப்பு அமர்வில் அந்தத் தலைமை நீதிபதியே அமர்ந்தார்.

மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா கம்பெனிக் குழுவுல அந்த வெளி ஆள் யாருன்னு கேட்டுட்டு வரேன்" என்றாள்.