போன்ல கவசம் போட்டா போதுமா?

ரொம்ப நாளா மனசுல ஓடுற ஒரு கேள்வி.

நான் பெங்களூர்ல சாஃப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் தர்மபுரி. பொண்ணுக்கு 2 வயசு. ராத்திரி அவ அழுதா, சூலமங்கலம் சகோதரிகள் பாடின கந்த சஷ்டி கவசத்தை போன்ல போட்டுட்டு நான் லேப்டாப்போட உட்கார்ந்துடுவேன். தூங்கிடுவா. சாமி பாட்டுதானே, இதுல என்ன தப்பு?

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போனோம். (குமாரசாமிப்பேட்டை கோயில்ல பெண்கள் தேர் இழுக்கறதை பாப்பா கண் இமைக்காம பார்த்தா, அது தனிக்கதை.) ராத்திரி வழக்கம்போல போனை எடுத்தேன். அம்மா, "அதை வைடா, நீ பாடு"ன்னாங்க. எனக்கு சுருதியும் வராது, வரியும் பாதி மறந்துபோச்சு. உளறிக்கிட்டேதான் பாடினேன். பாப்பா என் உதட்டுல விரலை வச்சுப் பார்த்துக்கிட்டே தூங்கிட்டா.

பிள்ளைத்தமிழ்ல மூணாவது தாலப் பருவம். 'தால்'னா நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுறதுதான் தாலாட்டு. வைத்தீஸ்வரன்கோயில் முருகனையே குழந்தையாக்கி முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார் குமரகுருபரர். நம்ம சாமிக்கே ஒரு மனுஷனோட நாக்கு அசையணும்னா, என் பொண்ணுக்கு மட்டும் ஸ்பீக்கர் போதுமா?

போன்ல கேக்கறது தப்புன்னு சொல்லல. பஸ்ல நானும் அப்படித்தான் கேக்கறேன். ஆனா நான் பாடினா என் மூச்சும் நிதானமாகுது, ஆபீஸ் கோபமும் இறங்குது. போன் பாடினப்ப அவ மட்டும்தான் அடங்கினா. அவளுக்குக் கவசம் போட்டுவிட்டு நான் வெளியிலேயே நின்னிருக்கேன்.

இப்போ தினமும் கொஞ்சம் வரி. நடுவுல முழிச்சா பாப்பாவே "முருகா"ன்னு எடுத்துக் கொடுக்கறா.

வேலும் மயிலும் துணை.