பாதியில் நிற்கும் வேலைகள்... யாருக்குக் கடன்?

உங்கள் வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்களேன்.

கூடத்துச் சுவரில் ஆணி இருக்கும்; மாட்ட வேண்டிய படம் பீரோவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். பூஜை அலமாரிக்குக் கதவு போட்டாயிற்று; கைப்பிடி மட்டும் கடையில் கட்டிக் கொடுத்த பொட்டலத்திலேயே இருக்கிறது. கொல்லைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பரண் மேல் கல்யாண வீடியோ கேசட். 'சி.டி.யாக மாற்ற வேண்டும்' என்று எப்போதோ தனியாக எடுத்து வைத்தது. இன்று சி.டி. போடும் பெட்டிகூட வீட்டில் இல்லை!

எதைப் பற்றிக் கேட்டாலும் நம்மிடம் ஒரே பதில்தான்: 'அப்புறம் பார்த்துக்கலாம்.'

இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடலாமா? இருட்டோடு எழுந்து, நாலு டப்பா கட்டி, பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய், திரும்பி வந்து பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவளைச் சோம்பேறி என்றால் சொன்ன நாக்கு வெந்துவிடும். சரி, சோம்பல் இல்லை. ஆனாலும் பாதியில் விட்ட வேலை மனதை ஏன் உறுத்துகிறது? அது குற்றம்தானா? குற்றம் என்றால், யாருக்குச் செய்த குற்றம்?

வேலையைக் குறைக்க வந்த கருவிகளின் கதை தனி. மின்கட்டணம் கட்டப் பத்து நிமிடம் போதும் என்று செல்போனை எடுக்கிறோம். 'என்னைப் புதுப்பித்தால்தான் திறப்பேன்' என்கிறது செயலி. புதுப்பிக்க இடம் இல்லை என்கிறது போன். இடம் வேண்டுமானால் படங்களை அழிக்க வேண்டும். அழிக்க உட்கார்ந்தால் போன வருஷத்துக் கொலு, குழந்தையின் முதல் பல், ஊர்த் தேர்... எதை அழிப்பது? ஒருவழியாகத் திறந்தால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. ஓ.டி.பி. போகும் எண்ணோ, வீட்டுக்காரர் எப்போதோ கைவிட்ட பழைய சிம்! முக்கால் மணி நேரம் போயிற்று, கட்டணம் கட்டியபாடில்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

நம் பாட்டிகளுக்கு ஆட்டுக்கல் கையை நோகவைத்தது உண்மைதான். ஆனால் மாவை வழித்து, குழவியைக் கழுவி வைத்தால் வேலை முடிந்தது. போனில் அப்படி 'முடிந்தது' என்று ஒன்று கிடையாது. இந்த வாரம் கற்றுக்கொண்டது அடுத்த வாரம் இடம் மாறியிருக்கும். முடியாத வேலைகளோடு வாழ நாம் பழகிப்போனதில் இந்தப் பெட்டிக்கும் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

முடியாமல் நிற்பதே குற்றம் என்றால், ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரத்தை என்ன சொல்வது? விஜயநகர அரசர் அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கி, பாதியில் நின்று, நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அகோபில மடத்தின் 44-வது பட்டம் அழகியசிங்கர் முயற்சியில், 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுந்து 1987-ல் கும்பாபிஷேகம் கண்டது. இடைப்பட்ட காலத்தில் அரங்கனைச் சேவிக்க வந்தவர்கள் அந்த மொட்டைக் கோபுரத்தின் அடியில் நடந்துதான் போனார்கள். யாரும் திரும்பிப் போய்விடவில்லை. பெரிய வேலைகள் நிற்கும், கை மாறும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கணவர் காலமாகிப் பல வருஷம். அவர் குரல் பதிவாகியிருப்பது மகனின் கல்யாண கேசட் ஒன்றில் மட்டும்தான். சம்பந்தியை வாசலில் வரவேற்று ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பாராம். "அதை ஒரு தடவை போட்டுக் காட்டேன்டா" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் சும்மா இருக்கவில்லை. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கருவி ஒன்றை வாங்கினார். அதன் மென்பொருள் வீட்டில் இருந்த லேப்டாப்போடு ஒத்துப்போகவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டிவிட்டு, எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். மருமகள் என்னிடம் சொன்னாள்: "அத்தை இப்பல்லாம் கேக்கறதே இல்லைக்கா." சொல்லும்போதே அவள் முகம் வாடிவிட்டது.

கேட்பதை நிறுத்திவிட்டார் என்றால், வேண்டாம் என்று அர்த்தமா? இல்லையே! தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார், அவ்வளவுதான். குழாய் சொட்டுவதும் அந்த அம்மா மௌனமானதும் நம் மனக்கணக்கில் ஒரே 'அப்புறம்' பட்டியலில் இருக்கின்றன. அங்கேதான் தவறு நடக்கிறது. தைக்காமல் கிடக்கும் ரவிக்கைத் துணி நம் அழகுக்கு நாம் பட்ட கடன். அதை நாமே தள்ளுபடி செய்துகொள்ளலாம். இன்னொருவர் காத்திருக்கும் வேலையைத் தள்ளுபடி செய்ய நமக்கு ஏது அதிகாரம்?

ஓய்வூதியர்களைப் பாருங்கள். நவம்பர் வந்தால் ஆயுள் சான்றுக்கு வங்கியில் வரிசையில் நின்ற காலம் உண்டு. 2014-ல் 'ஜீவன் பிரமாண்' வந்தது. 2021 முதல் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த போனைப் பிடிக்க ஒரு மகனோ பேத்தியோ வேண்டுமே! முன்பு யார் தயவும் இல்லாமல் வரிசையில் நின்றவர், இப்போது மடித்த வேட்டியோடு கூடத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்ப ஒழியுதோ அப்ப பண்ணு" என்கிறார். 'கொஞ்சம் இருங்கப்பா' என்று நாம் சொல்லும்போது, அந்தக் 'கொஞ்சம்' அவருக்கு எவ்வளவு நீளம் என்று நினைத்துப் பார்க்கிறோமா?

'மனசுல நினைச்சா போதாதா? பூசலார் மனதிலேயே கோயில் கட்டவில்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. நாயனார் கதையைச் சரியாகப் படித்தால் அந்தச் சமாதானம் நிற்காது. திருநின்றவூர் பூசலார் முதலில் பொருள் தேடி அலைந்தார்; கிடைக்கவில்லை. அதன் பிறகே மனதில் கட்டத் தொடங்கினார். அப்போதும் ஒரே மூச்சில் 'கட்டிவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ளவில்லை. தச்சர்களைத் தேர்ந்து, நல்ல நாள் பார்த்து, அடித்தளம் தொடங்கி விமானம், மதில், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாக எழுப்பினார். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். காஞ்சியில் தான் கட்டிய கற்கோயிலுக்கும் பல்லவ மன்னர் அதே நாளைக் குறித்திருந்தார். 'உன் நாளை மாற்றிக்கொள்' என்று சிவபெருமான் கனவில் சொன்னது மன்னரிடம்தான்! நாம் மனதில் வைத்திருக்கும் வேலைக்கு நாள் இருக்கிறதா?

எந்தப் பூஜைக்கும் முன்னால் செய்யும் சங்கல்பத்தைக் கவனித்திருக்கிறீர்கள் அல்லவா? எந்த வருஷம், எந்த அயனம், எந்த மாதம், எந்தத் திதி, எந்த இடம் என்றெல்லாம் சொல்லி, யாருக்காகச் செய்கிறோம் என்பதையும் சொன்ன பிறகே கை பூவை எடுக்கிறது. 'ஒரு நாள் செய்கிறேன்' என்று சங்கல்பம் செய்ய முடியாது.

மனதை ஆராய்கிறவர்களும் இதன் அருகில் வந்திருக்கிறார்கள். பாதியில் தடுக்கப்பட்ட வேலைகளே அதிகம் நினைவில் நிற்கின்றன என்று ப்ளூமா ஜெய்கார்னிக் 1927-ல் எழுதினார். பின்னால் சோதித்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் 2011-ல் அமெரிக்காவில் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வு நமக்கு உதவும். முடியாத வேலை மற்ற வேலைகளுக்கு நடுவே வந்து தொந்தரவு செய்கிறது. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டுவிட்டாலோ, செய்து முடிக்கும் முன்பே அந்தத் தொந்தரவு அடங்குகிறது.

ஆகவே, செய்யப்போவதில்லை என்று தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பின்னாமல் கிடக்கும் நூல்கண்டைப் பின்னுகிறவளுக்குக் கொடுங்கள். யாரோ காத்திருப்பதற்கு மட்டும் நாள்காட்டியில் நாள் குறியுங்கள். குறித்ததை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். (சொட்டும் குழாயையும் விட்டுவிடாதீர்கள். மருத்துவமனைக் கணக்கில் 20 சொட்டு 1 மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் போகிறது. வாஷர் மாற்றினால் தீரும் பிரச்னை!)

கேசட் வைத்திருப்பவர்களுக்கு அவகாசம் குறைவு. வி.எச்.எஸ். பிளேயர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் அதை நிறுத்திவிட்டது. பழைய பிளேயர்கள் பழுதானால் உதிரி பாகம் கிடைப்பது அரிது. நம் ஊர் ஈரத்துக்கு டேப்பில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியே வெள்ளைத் திட்டு தெரிந்தால், ஆசைப்பட்டு எந்த பிளேயரிலும் போட்டுவிடாதீர்கள். டேப்பும் கெடும், பிளேயரும் கெடும். சுத்தம் செய்து பதிவெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை படுக்க வைக்காமல், புத்தகம்போல் நிற்க வைத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். விளிம்பில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் தவறுதலாக வேறு எதுவும் அதன் மேல் பதிவாகாது. யார் குரல் அதில் இருக்கிறது என்று மேலே பெயரும் எழுதிவிடுங்கள்.