மதகு யார் கையில்?

தஞ்சாவூர்ப் பக்கம் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயி யாரையாவது கேட்டுப் பாருங்கள். மோட்டார் பேரிங் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? ‘ஒரிஜினல்தான் சார் போடணும். கிடைக்கலைன்னா டூப்ளிகேட்டை மாட்டி ஓட்ட வேண்டியதுதான். பயிர் காயுதே!’ என்பார். நியாயம்தான். டூப்ளிகேட் பேரிங் காலை வாரினால் மோட்டார் நிற்கும். நாலு நாள் தண்ணீர் போகும். அதோடு சரி.

இதே கேள்வியை முப்பதாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டு போங்கள்.

ஈரானில் விமான மெக்கானிக்குகள் நாற்பது வருஷத்துக்கும் மேலாக இந்தக் கேள்வியோடுதான் வேலைக்குப் போய் வருகிறார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா போட்ட தடைகளால், போயிங் விமானத்துக்கு ஸ்பேர் வாங்குவது அங்கே குதிரைக் கொம்பு. ஏர்பஸ் ஐரோப்பியக் கம்பெனிதானே என்பீர்கள். அதற்குள்ளும் அமெரிக்க பாகங்கள் இருக்கின்றன. ஆகவே அங்கேயும் அமெரிக்க அனுமதி வேண்டும். வேறு வழி? ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றில் மாட்டுவார்கள். வெளிநாட்டுத் தரகரிடம் கேட்ட விலையைக் கொடுப்பார்கள். உள்ளூரிலேயே செய்து பார்ப்பார்கள். 2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவும் இந்த வரிசையில் வந்து நின்றது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2018 பிப்ரவரியில் ஈரானின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று மலையில் மோதி, அதில் இருந்த அத்தனை பேரும் இறந்தார்கள். பல வருஷம் பறக்காமல் தரையில் கிடந்து, சில மாதங்களுக்கு முன்புதான் மறுபடி பறக்கத் தொடங்கிய விமானம் அது. ஆனால் விசாரணை அறிக்கை முக்கியமாகச் சொன்னது விமானிகளின் தவறை. எல்லா விபத்தையும் தடையின் தலையில் கட்டிவிட முடியாது.

‘எங்கேயோ நடக்குது, நமக்கென்ன?’ என்கிறீர்களா? 1998-ல் நாம் பொக்ரானில் அணுகுண்டு சோதித்தபோது, நம் கடற்படையின் ஸீ கிங் ஹெலிகாப்டர்கள் ஸ்பேர் இல்லாமல் முடங்கின. விற்றது பிரிட்டன். உள்ளே இருந்த தன் பாகங்களைக் காட்டித் தடுத்தது அமெரிக்கா.

பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைக்காரர்கள் பிழைப்புக்குப் போகும் துபாயிலிருந்து 2018 டிசம்பரில் நார்வேக்குக் கிளம்பிய விமானம் ஒன்று, எஞ்சின் கோளாறால் ஈரானின் ஷிராஸ் நகரில் இறங்கியது. பயணிகள் மறுநாளே வேறு விமானத்தில் போய்விட்டார்கள். அந்தப் புத்தம் புது போயிங் மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றது. நார்வே கம்பெனியின் விமானம்தான்; ஆனாலும் நின்ற இடம் ஈரான்!

பி.காம். படித்தவர்களுக்கு 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகம் இருக்கும். பொதுவாகப் பொருளின் உரிமை கைமாறினால் ரிஸ்க்கும் கைமாறிவிடும். விற்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். அரிசி மூட்டைக்கு இது சரி. இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு இருபது, முப்பது வருஷம் பறக்கப்போகிற பொருளுக்கு? அது ஸ்பேரை நம்பியே விற்கப்படுகிறது. ஸ்பேரை நிறுத்துவது, பாதிப் பொருளைத் திரும்பப் பிடுங்குவது மாதிரிதான்.

எதிர்த் தரப்பையும் கேட்போம். ஈரானின் மஹான் ஏர் மீது 2011-ல் அமெரிக்கா தடை போட்டபோது சொன்ன காரணம், அது புரட்சிக் காவல் படையினரை ஏற்றிச் சென்றது என்பது. ரஷ்யாவோ, வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் குத்தகைக்கு எடுத்த நூற்றுக்கணக்கான விமானங்களைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது. ‘வாடகை வண்டியை அமுக்கிட்டவனுக்கு ஸ்பேர் வேறயா?’ என்று கேட்டால் தப்பில்லை. லாயக்கில்லாத விமானத்தில் சொந்த ஜனங்களை ஏற்றி அனுப்பும் அரசாங்கத்துக்கும் பாவத்தில் பங்கு உண்டு.

ஆனால் அமெரிக்க விதிகளிலேயே ஒரு ஜன்னல் இருக்கிறது. பயணிகளின் பாதுகாப்புக்காக ஸ்பேர் அனுப்ப அனுமதி கேட்கலாம். அப்படியிருந்தும், 2013 நவம்பரில் ஜெனீவாவில் ஈரானோடு அணுசக்தி இடைக்கால ஒப்பந்தம் போட்டபோது, விமான ஸ்பேர் அதில் தனியாக இடம்பெற்றது. மறு வருஷம் போயிங்குக்கு அனுமதி கிடைத்தது. அதாவது, மனிதாபிமானம் என்று விதியில் எழுதி வைத்ததையே பேரத்தில் சலுகையாகக் கொடுத்தார்கள். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

இதைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரர்களுக்கு அகராதி வேண்டாம். காவிரியில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருஷத்துக்கு எவ்வளவு என்று தீர்ப்பு சொல்லும். பயிர் பிழைப்பதோ, எந்த வாரம் தண்ணீர் வருகிறது என்பதில்! ‘தண்ணி இல்லை, இந்த வருஷம் குறுவை வேண்டாம்’ என்றால் மனசு ஆறாவிட்டாலும் ஏற்றுக்கொள்வார்கள். கதிர் வந்த பயிருக்கு மடையை அடைத்தால்?

புது விமானம் விற்க மாட்டேன் என்பது முதல் ரகம். பறந்துகொண்டிருக்கும் பயணி விமானத்தின் பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் ஸ்பேர் தரமாட்டேன் என்பது இரண்டாவது ரகம். முக்கியமான பாகங்களுக்கெல்லாம் சீரியல் நம்பர் உண்டு, சான்றிதழ் உண்டு. கொடுத்த பாகம் எந்த விமானத்தில் மாட்டப்பட்டது என்று ஆள் அனுப்பிப் பார்க்கலாம். மனசிருந்தால் வழி இருக்கிறது.

தடை போட்டவர்கள் ஒரு தலைநகரில் இருக்கிறார்கள். தடைக்குக் காரணமானவர்கள் இன்னொரு தலைநகரில். விமானம் பறக்கலாம் என்று கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியவர், நடுராத்திரி ஹேங்கரில் பழைய பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மெக்கானிக். போடாவிட்டால் வேலை போகலாம். போட்டால் காலையில் இருநூறு பேர் ஏறுவார்கள். நீங்களாக இருந்தால் போடுவீர்களா?