சாரிட்டி என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'சாரிட்டி' என்றவுடன் இன்று நம் மனக்கண்ணில் உண்டியலும் நன்கொடை ரசீதும் தோன்றுகின்றன. ஆனால் கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் 'அகாபே' என்ற கிரேக்கச் சொல்லால் போற்றப்படும் தெய்விகமான பிரேமையை, 'அருமையானது' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த 'காரிதாஸ்' என்ற பதத்தால் லத்தீன் வேதம் குறித்தது. அதன் வழிவந்ததே சாரிட்டி.

1526இல் தம் ஆங்கில வேத மொழிபெயர்ப்பில் வில்லியம் டிண்டேல் அந்தச் சொல்லை விலக்கி, 'லவ்' என்ற சாமானியச் சொல்லை அந்த இடத்தில் அமைத்தார். காமத்துக்கும் பொதுவாகிவிட்ட சொல் புனிதமான அன்பைத் தாங்குமா என்று அவர் காலத்து அறிஞர் தாமஸ் மோர் கண்டிக்க, சாரிட்டி என்றால் ஜனங்கள் பிச்சையையும் இரக்கத்தையுமே நினைக்கிறார்கள் என்று டிண்டேல் மறுத்தார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. எனினும் என் மனம் டிண்டேலின் பக்கமே சாய்கிறது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அந்த அதிகாரத்தில் சாரிட்டியையே ஆண்டது. 1881இல் வந்த திருத்தப் பதிப்பில்தான் அங்கே 'லவ்' மீண்டது. நம் தமிழ் வேதாகமம் 'அன்பு' என்கிறது. அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்தி முழுவதையும் ஏழைகளுக்கு வாரி வழங்கினாலும் அகாபே இல்லாவிடில் பிரயோஜனமில்லை என்பது பவுலின் கருத்து. அங்கே சாரிட்டியை இன்றைய அர்த்தத்தில் வைத்துப் படித்தால், 'தர்மம் செய்தும் தர்மம் இல்லை' என்று வாக்கியம் தன்னையே மறுத்துக்கொள்ளும். கொடுத்த காசை எண்ணலாம். கொடுத்த நெஞ்சை எவ்வாறு எண்ணுவது? 1601இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம் முதியோர் பராமரிப்பையும், பாலங்களைப் பழுதுபார்ப்பதையும், ஏழைக் கன்னியர் விவாகத்தையும் சாரிட்டிக்குரிய காரியங்களாக வரிசைப்படுத்தியது. உள்ளன்பை அளக்க நீதிமன்றத்துக்குத் துலாக்கோல் இல்லை என்பதால் அச்சட்டத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், எண்ணக்கூடிய பாதியையே நாளடைவில் சொல்லின் முழுமையாக ஜனங்கள் கொண்டுவிட்டார்கள்.

பிரபஞ்சத்தையே தாங்குவதாக நம் முன்னோர் கருதிய 'தர்மம்' என்ற சொல்லும் கோயில் வாசலில் இதே கதியை அடைந்திருக்கிறது. "தர்மம் போடுங்க சாமி" என்ற குரலுக்குக் காசை இட்டுவிட்டு, சந்நிதிக்கு விரைந்த நாட்கள் எனக்குப் பல உண்டு. அன்று ஏந்திய கைகளை இன்று நினைத்துப் பார்க்கிறேன்; ஒரு முகமேனும் ஞாபகத்துக்கு வரவில்லை.