இருபது மில்லிகிராம்

மண் எப்போது சுத்தமாகிறது? கேட்டால் வேதியியல் கேள்வி மாதிரிதான் இருக்கும். கொடைக்கானல் விவகாரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அமெரிக்காவிலிருந்து 1980களில் கொடைக்கானலுக்கு வந்த தெர்மாமீட்டர் ஆலை, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்தது அம்பலமானதும் ஆலையை மூடினார்கள். 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பியது. 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு. மிச்சம், மண். அதன் கீழே பாம்பார் சோலை. அங்கே இறங்கும் தண்ணீர் வைகைக்குப் போகிறது.

கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்புக்கொண்டது. ஒரு டன் மண்ணுக்கு 20 கிராம். ஏறக்குறைய 20 காய்ச்சல் தெர்மாமீட்டர். செயற்பாட்டாளர்கள் இதைவிடப் பல மடங்கு கண்டிப்பான அளவைக் கேட்டார்கள்.

இப்படிப்பட்ட எண் எங்கிருந்து வருகிறது? ஓர் ஆளைக் கற்பனை செய்கிறார்கள். அவர் அந்த இடத்தில் இத்தனை வருஷம் குடியிருக்கிறார், இவ்வளவு தூசியை விழுங்குகிறார், இவ்வளவு ஆவியைச் சுவாசிக்கிறார். அவருக்கு ஆபத்தில்லாத அளவைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். கணக்கில் பொய் இருக்க வேண்டியதில்லை. ஆனா அந்த ஆளு யாரு? பாதரசம் போட்ட இடத்திலேயே கிடக்காது. ஆற்றுச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக்கும். சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போக அடர்த்தி ஏறும். மினமாட்டாவில் 1956இல் தெரியவந்த நோய் மீன் தின்றவர்களுக்கு வந்தது. வீட்டுக்காரருக்குப் போட்ட கணக்கு கீழே தூண்டில் போடுகிறவருக்கும் சேர்த்தா?

இன்னும் அதிகமாகத் தோண்டினால் சரிவில் மரங்கள் போகும், மண் அரிக்கும் என்றது கம்பெனி. உண்மைதான், சோலை மரத்தைத் திரும்ப வளர்ப்பது லேசில்லை. எனக்கு உறுத்துவது வேறு: இந்தத் தர்மசங்கடத்தை உண்டாக்கியவரே அதில் ஆலோசகராகவும் உட்காருவது. மரத்துக்காக அவர் இரங்குவதை நான் நம்பத் தயார். ஆனால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு சொல்லும் இடத்தை அவருக்குத் தர மாட்டேன்.

செனாவாங்கிலும் பால்மரம் போய்த் தொழிற்பேட்டை வந்தது. எங்கள் தண்ணீர் லிங்கி ஆற்றில் சேர்கிறது. நாளைக்கு யாராவது இங்கே கணக்குப் போட வந்தால், எண்ணைக் கேட்பதற்கு முன்னால் அவர்களுடைய கற்பனை ஆளைப் பற்றிக் கேட்பேன்: வயசென்ன, எந்த லயத்தில் இருந்தவர், வாரத்தில் எத்தனை நாள் ஆற்று மீன் சாப்பிடுகிறார்?