தோலும் நிழலும்

எந்தத் தோல் தீட்டு? இந்தக் கேள்வியை எனக்குப் புத்தகம் தரவில்லை. 1984இல் காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்த் திருவிழாவில் முதன்முதலாகத் தோல்பாவைக்கூத்து பார்த்த ராத்திரி தந்தது. அப்போது எனக்குப் பத்து வயசு.

திரைக்கு முன்னால் ஊர்த்தெருக்காரர்கள். சேரிப் பிள்ளைகள் நாங்கள் போனதும் "அந்தாண்ட போங்கடா" என்று ஓரத்துக்கு விரட்டினார்கள். அங்கிருந்து திரை சரியாகத் தெரியவில்லை. ஆனால் மறைப்புத் துணியின் கிழிசல் வழியாக உள்பக்கம் தெரிந்தது. கயிற்றில் பாவைகள் தொங்கின. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, நகைக்கும் பூவேலைக்கும் பொடிப்பொடியாய்த் துளை போட்டு, சாயம் ஏற்றியவை. ஒரே ஆள் விளக்கடியில் உட்கார்ந்து ராமனாகவும் ராவணனாகவும் உச்சிக்குடும்பனாகவும் குரல் மாற்றிப் பேசினார். ராமன் வந்ததும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவர்கள் நிழலைப் பார்த்தார்கள். நாங்கள் தோலைப் பார்த்தோம்.

விடிந்ததும், ராமனை ஆட்டிய அதே மனுசர் ஊர்த்தெருவில் வீடுவீடாய் அரிசி கேட்டு நின்றார். வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் அவர். யாரும் அவரைத் திண்ணையில் ஏற்றவில்லை.

அவ்வாவிடம் சொன்னேன்: "ராமனும் தோலுதான் அவ்வா, ராவணனும் தோலுதான்." அவ்வா சிரிக்கவில்லை. "உங்க தாத்தன் தெச்சதும் தோலுதான்டா" என்றாள்.

நாங்கள் அருந்ததியர். தாத்தா கவலைச் சால் தைத்தவர். மோட்டார் வருமுன் மாடு பூட்டித்தான் நீர் இறைத்தார்கள். சாலின் அடியில் குழாய்போல் நீளும் தோல்வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். தாத்தா தைத்த தோல் நாளெல்லாம் அந்தக் கிணற்றில் முங்கி எழுந்தது. அந்த நீரில் விளைந்ததைச் சாதி இந்துக்கள் தின்றார்கள், சாமிக்கும் படைத்தார்கள். அவ்வா மட்டும் கிணற்றுமேடு ஏறக்கூடாது. தூர நின்று கையேந்திக் குடிக்கணும்.

அப்படியானால் தீட்டு தோலில் இல்லை. மிருதங்கத்துக்குப் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். அது கச்சேரி மேடை ஏறுகிறது. பறை தெருவில் நிற்கிறது. மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஒரு நூலே எழுதினார், 2020இல். அதுவரை எத்தனை ரசிகர்களுக்கு அந்தக் கைகள் தெரியும்? பொருளை எடுத்துக்கொண்டு கையை ஒளித்து வைக்கிற திரைக்குப் பேர்தான் தீட்டு.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 'ராமனே தோல்தானே, ஆகவே தோலும் புனிதம்' என்று நம்மில் சிலர் வாதிடுகிறோம். நானும் வாதிட்டிருக்கிறேன். இப்போது அது தப்பென்று படுகிறது. புனிதத்தில் பங்கு கேட்டால், புனிதம் என்கிற தராசை ஒப்புக்கொண்டதாகிறது. 1927இல் மகாடில் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது, அந்தத் தண்ணீர் புனிதமா என்று கேட்கவில்லை. நாங்களும் மனிதர் என்றார். அவ்வளவுதான்.

தாத்தாவின் ஊசி என்னிடம் இருக்கிறது. அதை நான் கும்பிடுவதில்லை, ஒளிப்பதுமில்லை. வருகிற பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டிச் சொல்கிறேன்: இது தைத்த தண்ணீரைத்தான் இந்த ஊர் குடித்தது.