நாமதேவரின் கத்தரி

துணியில் எந்தப் பூ இருக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். அச்சுக்கட்டை செதுக்குகிறவர், சாயப்பட்டறைக்காரர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று நாலு கை மாறி வந்த பூக்களில் நமக்குப் பிடித்ததை நாம் எடுத்துக்கொண்டோம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை செய்தாக வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாக நூற்றுக்கணக்கான மீட்டர் ஓட்டியாக வேண்டும். கணினியிலிருந்து நேரே துணியின்மேல் மை தெளிக்கும் எந்திரம் வந்தபின் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஒரு மீட்டருக்காகத் தனியே திரை செய்ய வேண்டியதில்லை. ஆகவே, தானே வரைந்த படத்தைத் துணியில் அச்சிட்டு வாங்கி, தானே வெட்டி, தானே தைத்து உடுத்துவது சாதாரண மனிதர் ஒருவரால் முடிகிற காரியமாகிவிட்டது. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடலையும் உடையையும் பற்றி நம் சமயங்கள் விடாமல் கேட்டுவந்த கேள்வி இங்கே புது வேகத்தோடு எழுகிறது. என் விருப்பத்தை என் உடம்பின்மேலேயே எழுதி அணிந்துகொள்ளும்போது ‘நான்’ என்பது பெருக்கிறதா, கரைகிறதா?

புனேவில் முளா ஆற்றங்கரையில் இருக்கும் கட்கி, இந்தக் கேள்வியை வைத்து யோசிக்க ஏற்ற ஊர். 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வாவின் படை இங்கே ஆங்கிலேயரிடம் தோற்றது. பிறகு இது கன்டோன்மென்ட் ஆயிற்று. பம்பாய் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம், 1869-ல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை, இப்படிப்பட்ட வேலைகளை நம்பி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் என்று உருவான ஊரில் சீருடை அன்றாடக் காட்சி. 2022 ஜனவரி 15 அன்று ராணுவ தின அணிவகுப்பில் இந்திய ராணுவம் புதிய போர்ச் சீருடையைக் காட்டியது. நிஃப்ட் ஆடை வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய சின்னஞ்சிறு கட்டங்களாலான அந்த அச்சை அதே ஆண்டில் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் தன் பெயரில் பதிவும் செய்துகொண்டது. பத்தாண்டுக்கு அந்த அச்சு ராணுவத்துக்கே உரியது. முன்பெல்லாம் சீருடைத் துணியைக் கடையில் வாங்கி, கன்டோன்மென்ட் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள முடிந்தது. இந்தத் துணியை ராணுவத்தின் அனுமதியில்லாமல் யாரும் விற்கவோ தைக்கவோ கூடாது. பாதுகாப்புக்காக அது தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது. துணியின்மேல் விழும் அச்சு எப்போதும் ‘இது யாருடையது’ என்றுதான் முதலில் பேசுகிறது.

பழைய கதையும் அதுவே. கும்பகோணத்துப் பக்கம் கோடாலிக் கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரசர்களின் அரண்மனைக்கென்று ஒரு துணி நெய்தார்கள். சரிகை ஊடு கொடுத்து நெய்த துணியில் மெழுகு தடவி, கையால் எழுதி, அச்சும் பதித்து, அதற்குமேல் சாயமேற்றினார்கள். ஒரு குடும்பத்துக்காக மட்டும் உருவான அச்சு. 1855-ல் அந்த அரசு முடிந்தபின் அந்தத் துணியும் மெல்ல நின்றுபோனது. இன்று அதைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனி மாதிரிப் படங்களைக் கொடுத்து, அதன்படியே துணி எழுதி வாங்கிப் போனது. அந்தப் பூக்களின்மேல் ஐரோப்பாவுக்கு வந்த ஆசை எவ்வளவு என்றால், பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1721-லும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. அச்சுத் துணி உடுத்திய பெண்களை லண்டன் தெருவில் நெசவாளர்கள் துரத்தித் தாக்கிய நாட்களும் உண்டு. அரசன், கம்பெனி, படை என்று உரிமையாளர் மாறினாலும் அச்சு ஒரு முத்திரையாகவே இருந்து வந்திருக்கிறது. இப்போது அந்த முத்திரை தனிமனிதனின் கைக்கு வந்திருக்கிறது என்பதுதான் புதிது.

சமயங்கள் இதை ஐயத்தோடு பார்க்கும் என்று எதிர்பார்க்கலாம். நம் சடங்குகளில் தைத்த துணிக்கே இடம் குறைவு. மடிக்கு வேட்டியும் புடவையும். சட்டைக்கு அங்கே வேலையில்லை. ஹஜ் செல்லும் ஆண் இஹ்ராமுக்காக உடுத்தும் இரண்டு துணிகளிலும் தையல் கூடாது. செல்வனும் ஏழையும் அங்கே ஒரே வெள்ளைதான். இவ்வளவையும் பார்த்தால், தூய்மை என்பது தையலுக்கும் அச்சுக்கும் முந்திய வெறும் துணியில் இருக்கிறது என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் பௌத்தம் இதற்கு நேர் எதிரான வழியில் போயிருக்கிறது. கட்கியிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் இருக்கும் தேஹூ ரோட்டில் 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவினார். அந்தப் புத்தரின் விநய விதிகளில் பிக்குவின் சீவரம் முழுத் துணியாக இருக்கக் கூடாது, வெட்டித் தைத்ததாகவே இருக்க வேண்டும். மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி அதே அமைப்பில் சீவரம் தைக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாக விநயம் கூறுகிறது. மழைக்காலம் முடிந்து ‘கடினம்’ என்ற சடங்கில் கிடைக்கும் சீவரத் துணியை அன்றே வெட்டி, தைத்து, சாயமேற்றி முடிக்க வேண்டும். அந்த வேலையில் பிக்குகள் எல்லோரும் கைகொடுக்க வேண்டும். சீவரத்தை வெட்டித் தைக்கச் சொன்னதற்குக் காரணம், வெட்டிய துணிக்குச் சந்தையில் விலையில்லை, அதன்மேல் யாரும் ஆசைப்படவும் மாட்டார்கள் என்பது. ஓரிடத்தில் தையல் விலக்கு, இன்னோரிடத்தில் தையல் கட்டாயம். இரண்டும் தேடுவது ஒன்றையே. எதை விட்டுக்கொடுத்து இதை உடுத்தினாய் என்பதே இரண்டிலும் கேள்வி. பழையாறைத் துணி வணிகரான அமர்நீதி நாயனாரின் கதை நமக்குத் தெரிந்ததுதான். அடியார் ஒருவரின் கோவணத்துக்கு ஈடாகக் கடையிலிருந்த துணி முழுவதையும் தட்டில் வைத்தும் துலாக்கோல் அசையவில்லை. மனைவியோடும் மகனோடும் தானே ஏறி நின்றபோதுதான் நேர் நின்றது.

அப்படியானால், தன் படத்தைத் தானே அச்சிட்டுத் தைக்கிறவர் எதை விட்டுக்கொடுக்கிறார்? இதற்கு விடை கத்தரியில் இருக்கிறது. படம் கணினித் திரையில் முழுதாக இருக்கிறது, துணியில் அச்சாகி வரும்போதும் முழுதாகவே இருக்கிறது. ஆனால் உடம்பு தட்டையானதில்லை. தோளின் சரிவு, கைக்குழியின் வளைவு, இடுப்பில் பிடிக்கும் டார்ட் எல்லாம் அந்தப் படத்தின் குறுக்கே போயாக வேண்டும். நேர் இழை பார்த்து வைத்தால் படம் சாய்ந்துபோகிறது. படத்தை நேராக்க இழையை விட்டுவிட்டால், உடுத்திய பின் துணி முறுக்கிக்கொள்கிறது. முன்பாகம் இரண்டிலும் பூ ஒன்றுசேர வேண்டுமானால் கூடுதல் துணி வேண்டும். அவ்வளவு செய்தும் தையலுக்குள் ஒரு விரல் அகலம் மறைந்துதான் போகும். ஆசையாய் வரைந்த பறவையின் தலை ஒரு பக்கம், சிறகு மேசைக்கடியில். ‘இது என்னுடையது’ என்று அச்சு சொன்ன எல்லாவற்றின்மீதும் கத்தரி ஓடுகிறது. அதை ஓட்டுவதும் சொன்னவரின் கையேதான். வாங்கியவருக்கு இந்த அனுபவமே வராது, ஏனென்றால் அவர் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். வரைந்தவரும் வெட்டுகிறவரும் ஒருவராக இருக்கும்போதுதான் விருப்பம், தான் படைத்ததைத் தானே குறைத்துக்கொள்ளக் கற்கிறது. துணியின் இழைக்கும் உடம்பின் அளவுக்கும் பணியக் கற்கிறது. இதைத் துறவு என்று பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் துறவின் அரிச்சுவடி என்று சொல்லத் தயங்கவும் மாட்டேன்.

மராட்டிய மண்ணில் அச்சிடுதல், தைத்தல் என்ற இந்த இரண்டு வேலைகளையும் ஒரே பெயரில் பார்க்க முடிகிறது. ஆஷாட ஏகாதசிக்காகத் தேஹூவிலிருந்து துக்காராமின் பல்லக்கு புனேவுக்கு வந்து பண்டரிபுரம் நோக்கிப் போகும். இப்படிப் பண்டரிபுரத்துக்கு யாத்திரை போகும் வாரகரி மரபின் முன்னோடிகளில் ஒருவர் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த நாமதேவர். மராத்தியில் அவர் ஷிம்பி, அதாவது தையற்காரர். வடக்கே போனால் அவரை சீப்பா என்கிறார்கள், அதாவது துணிக்கு அச்சிடுகிறவர். ராஜஸ்தானத்து அச்சுத் தொழிலாளர்களிலும் பலர் அவரைத் தம் குலத்து அருளாளராகக் கொண்டாடுகிறார்கள். குரு கிரந்த் சாஹிபில் இருக்கும் அவருடைய 61 பாடல்களில் ஒன்றில், மனத்தை அளவுகோலாகவும் நாவைக் கத்தரியாகவும் கொண்டு, சாயமேற்றுவதையும் தைப்பதையும் சேர்த்தே பேசுகிறார். அந்தக் கத்தரி வெட்டுவது யமனின் பாசக்கயிற்றை. தொழிலிலிருந்து உவமை எடுப்பது அருளாளர்களுக்கு வழக்கம்தான். இங்கே நான் கவனிப்பது, எந்தக் கருவியை எதற்குக் கொடுத்தார் என்பதை. பாசத்தை அறுக்க அவர் தேர்ந்தது கத்தரியை, சாயத்தொட்டியை அன்று.

புனிதமான அச்சு எங்கே வெட்டப்படுகிறது, எங்கே வெட்டப்படுவதில்லை என்பதும் ஒரு சான்று. ராம நாமத்தை முழுதும் அச்சிட்ட ராமநாமித் துணி பெரும்பாலும் சால்வையாகத்தான் போர்த்தப்படுகிறது, அதைச் சட்டையாக வெட்டுவது குறைவு. பெயரின் நடுவே கத்தரி போகும் என்பதால் கை கூசுகிறது. சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கு எழுதும் கலம்காரித் தொம்பைகளை உருளையாகத் தைத்துத் தேரிலும் மண்டபத்திலும் தொங்கவிடுகிறார்கள். அங்கே தையல் உண்டு; ஆனால் அது தெய்வத்துக்கான வடிவம், மனித உடம்புக்கான வெட்டு அதில் இல்லை. இறைவனின் பெயரை வெட்டத் தயங்கும் கை, தன் விருப்பத்தின் படத்தை வெட்டத் தயங்கலாமா? தயங்கினால், அந்தப் படத்தை அது எந்தப் பீடத்தில் வைத்திருக்கிறது என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

இதெல்லாம் அலங்கார ஆசைக்குப் பூசும் தத்துவச் சாயம் என்று ஒருவர் சொல்லலாம். எந்திரம் அச்சிட, எந்திரம் தைக்க, இதில் மனிதனுக்கு என்ன பயிற்சி என்றும் கேட்கலாம். இதற்கு விடை தேட ஆற்றைக் கடந்து யரவாடாவுக்குப் போக வேண்டும். அங்குள்ள சிறையில் பெட்டிக்குள் மடங்கும் ராட்டையைச் செப்பம் செய்த காந்தி, அங்கிருந்து வாரந்தோறும் ஆசிரமத்துக்கு விரதங்களைப் பற்றிக் கடிதம் எழுதினார்; சுதேசியைப் பற்றி மட்டும், அது அரசியலாகிவிடும் என்று விடுதலைக்குப் பிறகே எழுதினார். 1924-ல், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன் அவரிடம் எந்திரங்களைப் பற்றி நேரடியாகக் கேட்டபோது, சிங்கர் தையல் எந்திரத்துக்கு அவர் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைப் பார்த்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எலியாஸ் ஹோவ் 1846-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1851-ல் பெற்ற சிங்கரை நடத்தியது வணிக நோக்கம். கதை பொருந்தாவிட்டாலும் அதற்குள் இருந்த அளவுகோல் இன்றும் பொருந்துகிறது. எந்திரம் மனிதனின் கையை நீட்டிக் கொடுக்கிறதா, அல்லது கையை வேண்டாததாக்குகிறதா? தையல் எந்திரத்தின் ஊசிக்கடியில் துணியைத் திருப்புவது இன்னும் கைதான். அச்சு எந்திரத்தை அதே உறுதியோடு என்னால் புகழ முடியாது. விரும்பியதைப் பொத்தானில் பெற்றுத்தரும் வேலை மனத்துக்கு எதையும் கற்பிப்பதில்லை. அச்சிடுவதோடு நின்றுவிட்டால் குற்றச்சாட்டு அப்படியே நிற்கும். தைக்க உட்கார்ந்தவரிடம்தான் அது வலுவிழக்கிறது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் வேறொன்று. 1916 பிப்ரவரியில் சென்னை மிஷனரி மாநாட்டில் சுதேசியை விளக்கிய காந்தி, அண்டையில் இருப்பவருக்குச் செய்யும் தொண்டு என்றே அதற்குப் பொருள் கொண்டார். கடைவீதித் தையற்காரர் அண்டைவீட்டார் இல்லையா? சீருடைத் துணியும் கைவிட்டுப் போன நாளில், மற்றவர்களும் வீட்டிலேயே தைக்கத் தொடங்கினால் அவர் எங்கே போவார்? வசதியுள்ளவரின் ஆன்மப் பயிற்சிக்கு ஏழையின் கூலி விலையாகக் கூடாது. இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதனால் எல்லாவற்றையும் தானே தைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஒருமுறை கழுத்தை வெட்டிப் பார்த்தவருக்கு, பிளவுஸ் ஒன்றுக்குக் கேட்கும் கூலியில் எத்தனை மணி நேரம் அடங்கியிருக்கிறது என்பது தெரியும். பேரம் பேசும் வாய் அடங்கும். வறுமையினால் காலங்காலமாக வீட்டில் தைத்த பெண்களுக்கு இது விரதமாக இருக்கவில்லை, பாரமாகவே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுக்கு அது விருப்பத்தின் பேரில் வந்ததில்லை, ஆகவே அதை வைத்து அவர்களுக்கு யாரும் பெருமை பாட வேண்டியதில்லை. விருப்பம் என்ற சலுகை கிடைத்தவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்பதே என் கேள்வி.

மேசைக்கடியில் விழுந்த துண்டுகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. பறவையின் சிறகு, பாதிப் பூ, அச்சின் ஓரத்து வெள்ளை விளிம்பு. மகாராஷ்டிரத்தில் இவற்றைக் கோதடியாக்குவார்கள். பழைய சேலைகளை அடுக்கி, மேலே துண்டுகளை வைத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போவார்கள். 1956-ல் மறைந்த காட்கே பாபா, ஊர் ஊராகத் தெருக்கூட்டிப் போனபோது உடுத்தியது இப்படிப்பட்ட ஒட்டுத்துணிதான். மக்கள் அவரைக் கோதடி மகராஜ் என்றும் கூப்பிட்டார்கள். அந்தத் துணியில் எந்தத் துண்டு யாருடைய சேலையிலிருந்து வந்தது என்று பாபாவும் கேட்டிருக்க மாட்டார், கொடுத்தவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.